எப்போது நிறுத்துவது?

பள்ளியில் வேலை பார்த்தவரை ஒரு முடிவை மட்டும் நான் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது போதுமா என்பதைப் பாடத்திட்டமும் தேர்வு அட்டவணையும் பார்த்துக்கொள்ளும். ஆண்டு முடியும், பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும், என் முன்னால் வேறு முகங்கள் வந்து உட்காரும். ஓய்வு பெற்று, இணையத்தில் ஒவ்வொருவராகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த முடிவு என்னிடம் வந்து சேர்ந்தது. அதுவும் மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவாக.

என்னிடம் இயற்கணிதம் படித்துவந்த ஒரு பெண்ணிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே உனக்கு என் வகுப்பு வேண்டாம்மா. நீயே போட்டுக்குவ."

பாராட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க இருக்கீங்கன்னுதான் மிஸ் நான் கேக்காமப் போட்டேன்" என்றாள்.

"நான் இல்லாமலும் வரும்" என்றேன். அடுத்த மாணவர் காத்திருப்பு அறைக்கு வந்துவிட்டார் என்ற அறிவிப்பு திரையின் மேலே தெரிந்துகொண்டிருந்தது. நல்வாழ்த்துச் சொல்லி வகுப்பை முடித்தேன்.

இதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை.

அவள் என்னிடம் வந்தபோது (x + 3)² என்றால் x² + 9 என்று எழுதுவாள். இயற்கணிதம் நடத்திய எல்லோரும் பார்த்த தவறுதான். விதியை மறுபடி ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்துவிடுவார்கள், அடுத்த கணக்கில் அதே தவறு திரும்பும். x-க்கு 1 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் 16 வந்தது, மறுபக்கம் 10. அவள் அந்த இரண்டு எண்களையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பின் பாதி வேலை அதுவாகவே ஆனது: எழுதியதை ஓர் எண்ணை வைத்துத் தானே சோதித்துப் பார்ப்பது.

அப்படியும் ஒவ்வொரு வரி முடிந்ததும் "சரியா மிஸ்?" என்று கேட்பாள். நான் தலையசைக்காமல் அடுத்த வரி வராது. மாதங்கள் போகப் போக அந்தக் கேள்வி இரண்டு வரிக்கு ஒருமுறை என்றானது, பிறகு கணக்கு முடிந்த பின் மட்டும் என்றானது. கடைசியில் இருபடிச் சமன்பாடுகளில் வர்க்கப் பூர்த்தி முறையை முழுக்கத் தானே செய்து, விடையைப் பிரதியிட்டுச் சரிபார்த்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த வகுப்புகளிலும் கேட்கவில்லை. ஒரு ஆசிரியருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அதை வைத்துத்தான் நிறுத்தச் சொன்னேன். அந்தச் சான்றையே அவள் வேறு மாதிரி சொல்லிவிட்டாள். கேட்காமல் இருந்ததற்குக் காரணம் நான் எதிரில் இருந்ததுதான் என்றால், கேட்காமை எதைக் காட்டுகிறது?

ஓய்வுக்குப் பின் இணையத்தில் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் பழைய சக ஆசிரியர்கள் எல்லோரும் கேட்பது நேரத்தைப் பற்றியும் வருமானத்தைப் பற்றியும்தான். நம் வசதிப்படி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த பிறகுதான் நமக்கு வகுப்பு. வெளிநாட்டில் இருக்கும் மாணவர் என்றால், அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது நம் மாலையும் சேர்ந்து நகரும். தேர்வு நெருங்கினால் மூச்சுவிட நேரம் இருக்காது, விடுமுறை வந்தால் நாட்காட்டி காலியாகிவிடும். தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துவிடும், ஆகவே அதற்கும் பணம் கட்ட வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஓய்வூதியம் வழக்கமான செலவுக்குச் சரியாக இருக்கும், திடீர்ச் செலவுக்கு வராது. கணவரின் பல் சிகிச்சைக்கு யாரிடமும் கேட்காமல் என் வகுப்புப் பணத்திலிருந்து கட்டியபோது எனக்கு இருந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த வேலையின் ஏற்பாடு முழுவதும் தொடர்வதற்குச் சாதகமாக அமைந்தது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்துவைக்கும் தளங்கள் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. முதல் வகுப்புக் கட்டணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் தளமும் உண்டு. நாம் சொல்லிக்கொடுத்த மணி நேரம் கூடக் கூட அந்தப் பங்கு குறையும். புது மாணவர் என்றால் அறிமுக வகுப்பு, அளவறியும் சோதனை, பெற்றோரோடு பேச்சு என்று எல்லாம் முதலிலிருந்து. பழைய மாணவர் என்றால் ஒன்றுமில்லை, நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால் போதும். நன்றாகத் தேறிவிட்ட பிள்ளைதான் நமக்கு மிகவும் எளிதான வருமானம். அவரைத்தான் அனுப்பிவைக்க வேண்டும்.

அன்றிரவு அவள் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "மேடம், ஏதாவது மனக்குறையா? ஃபீஸ் கூட்டித் தரணும்னா சொல்லுங்க, பரவாயில்லை." அவரைக் குறை சொல்ல முடியாது. நன்றாக நடக்கும் வகுப்பை ஒருவர் தானாக நிறுத்துகிறார் என்றால் வேறு என்னதான் தோன்றும்? மகள் தேறிவிட்டாள், காசு வீணாக வேண்டாம் என்று விளக்கி எழுதினேன். "சரிங்க மேடம், நன்றி" என்று பதில் வந்தது. அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நானே அதை முழுதாக நம்பினேனா என்றும் சில நாட்களில் யோசிக்கிறேன். காசுக்காகப் பிள்ளையைப் பிடித்துவைக்கும் ஆள் நான் இல்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள அவசரப்பட்டேனா? அப்படியென்றால் அங்கேயும் பணம்தான் முடிவெடுத்தது, வேறு திசையிலிருந்து.

தனிப்பயிற்சியைப் பற்றிப் பேசும் எவரும் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984-ல் எழுதிய கட்டுரையைக் கொண்டுவருவார்கள். தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்தார் என்று அதில் சொன்னார். பிறகு வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்றாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது தெம்பு தரும் எண். ப்ளூம் சொன்ன சோதனைகளில் பாடம் ஏறத்தாழ 3 வாரத்தில் தானாக முடிந்துவிட்டது. யார் நிறுத்துவது, எந்த அடையாளத்தைப் பார்த்து நிறுத்துவது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

எனக்கு அதைவிடப் பொருந்துவது 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் எழுதியது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 30 குழந்தைகள், 21 மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிரமிடு கட்ட, ஒருவர் எப்படி உதவினார் என்று கவனித்தார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல ஆசிரியர் தாங்கிப் பிடிப்பது என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது. கட்டடம் நின்றதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும் என்பதை நாங்கள் பயிற்சி வகுப்புகளில் பேசியிருக்கிறோம். அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் கூட இருந்தால் பிள்ளைக்குச் செய்யும் வேலையின் பயம் குறைய வேண்டும், ஆனால் அதிலுள்ள பெரிய ஆபத்து பிள்ளை ஆசிரியரை மிகவும் சார்ந்துவிடுவது என்கிறார்கள். அவள் சொன்னது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டால் நான் நிறுத்தியது சரி. சார்ந்திருக்கிறாள், ஆகவே விலக வேண்டும். ஆனால் சார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே ஒரே நாளில் விலகுவது சரியா? இரண்டுக்கும் அதே வாக்கியம்தான் ஆதாரம்.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மாணவர் பேசி முடித்த பின்பும் அப்படித்தான், உடனே குறுக்கே புகுந்துவிடுவார்கள். அதை 3 விநாடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வந்தன. இணையத்தில் இந்தக் காத்திருப்பு இன்னும் கடினம். எதிரில் இருப்பவர் யோசிக்கிறாரா, இணைப்பு விட்டுப்போனதா என்று தெரியாத அந்த மௌனத்தை நிரப்பத்தான் நாக்கு துடிக்கும். அதை அடக்கப் பழகியதைத்தான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயமாக நினைக்கிறேன். அன்றும் அவள் பேசாமல் இருந்தபோது காத்திருந்தேன். அந்த வாக்கியம் வந்தது அதனால்தான். அதன் பிறகும் காத்திருந்தால் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பாளோ? அல்லது அது அவள் சும்மா சொன்ன பிரியமான வார்த்தையாக இருந்து, நான்தான் அதன் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறேனோ? பள்ளி நாட்களில் பிள்ளைகள் விடைபெறும்போது இதைவிட உருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் என்னை இப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை.

நான் செய்தது சரி என்றுதான் இந்த நிமிடமும் நினைக்கிறேன். அதே சமயம் இன்னொரு மாணவர் இருக்கிறார். அலுவலகத் தேர்வுக்காகப் புள்ளியியல் கற்றுக்கொள்ள வந்தவர். தேர்வில் தேறியாகிவிட்டது. இப்போது அவர் கொண்டுவரும் கணக்குகளை எனக்கு முன்னால் அவரே முடித்துவிடுகிறார். அவரிடம் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. பெரியவர், தன் பணம், தன் விருப்பம் என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். அது நியாயமான காரணம்தான். ஆனால் என் மாத வருமானத்தில் நிலையாக வருவது அவருடைய வகுப்பு ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும்.

புதிதாக வரும் பிள்ளைகளிடம் வேறு வழியை முயன்று பார்க்கிறேன். வாரம் இருமுறை என்பதை ஒருமுறையாக்கி, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குகிறேன். வகுப்பின் கடைசி இருபது நிமிடம் என் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிடுவேன். பிள்ளை தனியாகப் போடும். முதலில் சில வகுப்புகளில் வெண்பலகையில் எழுத்து நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதைப் பிள்ளையிடம் சொல்லியும் வைப்பேன். அடுத்த கட்டத்தில், இன்று நான் பார்க்கவும் மாட்டேன், முடிந்ததும் கூப்பிடு என்று சொல்லிவிடுவேன். இருப்பதிலிருந்து இல்லாமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம் என்பது என் எண்ணம். சில பிள்ளைகளுக்கு நன்றாகப் போகிறது. ஒரு பையன் மட்டும் கேமரா அணைந்த உடனே எழுதுவதை நிறுத்திவிடுகிறான்.

அவன் அப்பா மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டிருக்கிறார்: "மேடம், கடைசி இருபது நிமிஷம் நீங்க ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலையே, அதுக்கும் ஃபீஸ் கணக்குல வருமா?" கேட்க வேண்டிய கேள்விதான். பேசாமல் இருந்த நேரத்துக்குப் பணம் வாங்க எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வாங்காமல் விட்டால், அவன் தனியாக முயன்ற நேரம் பாடத்தில் சேராது என்று நானே சொன்னதாகிவிடும். மாதக் கணக்கு அனுப்பும் நாள் வந்துவிட்டது. அந்த வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.