நிரம்பாலி விதையும் வாச்சர் கேட்ட கேள்வியும்

"எல்லாத்தையும் வாரிட்டுப் போனா, கீழ கெடந்து தின்னுதவன் என்னத்தத் தின்னுவான் சாரே?"

அகத்தியமலைக் காட்டில் முத்துக்குழிவயல் பக்கம் நிரம்பாலி மரத்து விதை பொறுக்கும்போது வனத்துறை வாச்சர் அண்ணாச்சி கேட்டது. "அவனுக்குத்தானே அண்ணாச்சி மரம் வைக்கப் போறோம்" என்றேன். பதில் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

நர்சரிக்கு நிரம்பாலி வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பைன், தேவதாரு வகையறாவில் தென்னிந்தியக் காட்டில் தானாக வளரும் ஒரே மரம் அது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்க்கிற பைன் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஆனால் நிரம்பாலியைப் பார்த்து யாரும் பைனுக்குச் சொந்தம் என்று சொல்லமாட்டார்கள். இலை அகலம். வெயிலுக்கு நேரே பிடித்தால் நடுநரம்பு இருக்காது. அடியிலிருந்து நுனிவரை மெல்லிய கோடுகள் சேர்ந்து ஓடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை உருண்டையாக இருக்கும், மேலே சதையுறை, காம்பு சேரும் இடமும் தடித்துச் சதையாக இருக்கும். காட்டுக்கு வேண்டியது அந்தச் சதைதான்.

அன்று மரத்தடியில் பாதி விதைகள் ஏற்கனவே கைபட்டவை. சில சதை மட்டும் கடிக்கப்பட்டு, சில துளைபோட்டு உள்ளே காலியாக. அண்ணாச்சி ஒன்றைப் புரட்டிப் பார்த்து "இது மலையணில்" என்றார். கீழே விழுந்ததைத் தேடி இரவில் சருகுமான் வரும் என்றார். நான் கடிபட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதை எல்லாம் சாக்கில் போட்டேன்.

போட்டது சரிதான். தரையில் கிடந்தால் தின்றது போக மிச்சம் மட்கிவிடும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதெல்லாம் நமக்குப் பேப்பர் செய்தி. நர்சரியில் எத்தனை பை நிரம்பியது என்பதுதான் கணக்கு. ஒரு மரத்து விதையை எடுத்ததால் எந்த மானும் பட்டினி கிடக்காது. அத்தி இருக்கிறது, நாவல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஒரு நிரம்பாலி இல்லாவிட்டால் எதுவும் குறையாது என்றால், அதை நட்டுக் காட்டு உயிர்களைக் காப்பாற்றுகிறோம் என்று ரிப்போர்ட்டில் எழுதினேனே, அது என்ன? அதுவும் வளர்ந்து காய்க்கும் வயது வந்தால்தான் எந்தக் கன்று பெண் என்று தெரியும். அதற்குள் நான் ரிட்டயர் ஆகியிருப்பேன். நான் பேசியது என்றைக்கோ வரப்போகிற காட்டைப் பற்றி. அவர் கேட்டது அந்த வாரத்துச் சாப்பாட்டைப் பற்றி. இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அவர் மறுபடி எதுவும் கேட்கவில்லை. சாக்கை அவர்தான் தூக்கி வந்தார்.

அடுத்த சீசனில் விதைக்குப் புறப்பட்ட புதுப் பையனிடம், "பாதியை விட்டுட்டு வா" என்றேன்.

"எந்தப் பாதி சார், கடிச்சதையா?"

"நல்லதுல பாதி."

எடை குறைந்ததற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. 'அந்த வருடம் காய்ப்பு குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். முந்தின வருடம் எல்லாவற்றையும் அள்ளியதும் சரி, இதுவும் சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அண்ணாச்சி கேட்டால்தான் கஷ்டம்.