ஒரே ஆளுக்கு இரண்டு இரத்தப் புற்றுநோய்: அப்பாவுக்காக அலைந்தது

அப்பாவின் முதல் நோய் சீக்கிரமே பிடிபட்டது. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 4,50,000-ஐத் தாண்டி நின்றது, ஜாக்2 என்ற மரபணுவில் மாற்றமும் இருந்தது, எலும்பு மச்சை பயாப்ஸியும் ஒத்துப்போனது. எசென்ஷியல் த்ரொம்போசைத்தீமியா, அதாவது பிளேட்லெட் அளவுக்கு மீறி உண்டாகும் இரத்தப் புற்றுநோய். ஹைட்ரொக்சியூரியா என்ற மருந்தைத் தொடங்கினார்கள். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியிலிருந்து மாதம் ஒரு கிளினிக்.

அப்புறம் லிம்போசைட் என்ற வெள்ளணு வகை ஏறத் தொடங்கியது. அந்த மருந்து வெள்ளணுக்களையும் குறைக்கும். அப்படியிருந்தும் ஏறியதால் டொக்டர் சிஎல்எல் (மெதுவாக வளரும் லிம்போசைட் புற்றுநோய்) என்று சந்தேகப்பட்டார். உறுதிப்படுத்த, செல்களை வகை பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை வேண்டும், இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும்.

வியாழன் பின்னேரம் ஊதா மூடிக் குழாயில் எடுத்து அனுப்பினோம். வெள்ளி போயா (பௌர்ணமி) விடுமுறை, அடுத்து சனி, ஞாயிறு. திங்கள் பதில் வந்தது: மாதிரி பழுது. செல்கள் சாகுமுன் ஓரிரு நாளுக்குள் பார்க்க வேண்டிய பரிசோதனை அது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்பாவின் கையில் மறுபடி ஊசி ஏற்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்த முறை நானே இரவு ரயிலில் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் பழைய ரிப்போர்ட்டையும் புதுப் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, வேற ஆக்கள்ட ரிப்போர்ட் கலந்துபோச்சு. ஒருத்தருக்கு ரெண்டு கான்சர் வராது."

வரும். அரிதுதான், ஆனால் வரும். ஒன்று பிளேட்லெட்டை உண்டாக்கும் பக்கத்தில், மற்றது நோயெதிர்ப்புக்கான பி செல்கள் என்ற லிம்போசைட்டுகளில். நான் சொல்லி எடுபடவில்லை. டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவர் இரண்டு நோயின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் குழாயை வாங்கிக்கொண்டார்கள். அதே படிவத்தில் அதை முதலிலேயே எழுதி வாங்கியிருந்தால் ஒன்றரை மணித்தியாலம் மிச்சம்.

ஆகவே, இரண்டு நோயையும் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரத்தம் எடுக்குமுன் ஆய்வகத்துக்கு அழைத்து எந்த நாளில் செய்வார்கள் என்று கேளுங்கள். போயாவுக்கு முதல் நாள் வேண்டாம். ஐஸில் வைக்க வேண்டாம்.

முடிவு வந்தது: செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அடையாளப் புரதங்களான சிடி5, சிடி19, சிடி23 மூன்றும் ஒரே செல்களில் இருந்தன. சிஎல்எல்தான். ஆரம்பக் கட்டம், இப்போதைக்கு மருந்து வேண்டாம், கவனித்தால் போதும் என்றார் டொக்டர்.

அப்பாவுக்கு அதுதான் பிடிபடவில்லை. "வருத்தம் இருக்கெண்டா மருந்து தரோணுமே மகன்?" மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பதே இதற்கு வைத்தியம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கிளினிக் கொப்பியை வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டு பெயரையும் பெரிதாக எழுதச் சொன்னார்.