ஸ்பான்சர் ஃபைல் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்: கனடாவில் நான் காத்திருந்த காலம்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் பலர், "அவர் ஸ்பான்சர் பண்ணிட்டார், இனி பயமில்லை" என்று சொல்வதைக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. கணவர் ஸ்பான்சர் செய்து, பிஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிட உரிமைக்கு, விண்ணப்பம் போட்டதனாலேயே இங்கே இருக்கவும் வேலை செய்யவும் உரிமை வந்துவிடாது. அது ஒரு ஃபைல், நம்முடைய ஸ்டேட்டஸ், அதாவது இப்போது இங்கே தங்க இருக்கும் தற்காலிக அனுமதி, வேறொரு ஃபைல். முதலாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது செத்துப்போகலாம்.

திருச்சியிலிருந்து படிக்க வந்தவள் நான். படிப்புக்குப் பிறகு கிடைத்த பிஜிடபிள்யூபி என்ற வேலை அனுமதி 2024 அக்டோபரில் முடிய இருந்தது. அந்தப் பெர்மிட்டை வாழ்நாளில் ஒரு தடவைதான் தருவார்கள். கணவர் சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடியக் குடிமகன் ஆனவர். ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு. அதுவரை பொறுத்தால் என் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாமியார்தான் துணை நின்றார். "முதல்ல பேப்பர் அலுவலைப் பாருங்கோ பிள்ளை, கொண்டாட்டத்தைப் பிறகு வைக்கலாம்" என்றார். சிட்டி ஹாலில் மேரேஜ் லைசென்ஸ் எடுத்தோம். ஒன்டாரியோவில் அது 90 நாள்தான் செல்லும். மார்ச்சில் சட்டப்படி பதிவு முடிந்தது, தாலி கட்டியது ஆவணியில்.

அவசரத்துக்குக் காரணம் இதுதான். வாழ்க்கைத் துணைக்கான ஓபன் ஒர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கேட்க, ஸ்பான்சர் விண்ணப்பம் கிடைத்தது என்று குடிவரவுத் துறையான ஐஆர்சிசி தரும் ஏஓஆர் கடிதம் பொதுவாக வேண்டும். அது நாம் அனுப்பிய மறுநாளே வராது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்கள், வரிசையில் மறுபடி கடைசியிலிருந்து நிற்க வேண்டும். அதற்குள் பழைய பெர்மிட் முடிந்துவிடும் போலிருந்தால், விசிட்டராக இருக்க அனுமதி கேட்கலாம், ஆனால் வேலைக்குப் போக முடியாது.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுன்ட், படங்கள், இந்தியாவிலிருந்து போலீஸ் சர்டிஃபிகேட். கடந்த பத்து வருடங்களில் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்ற பட்டியலில் மட்டும் ஒரு மாத இடைவெளிகூட விடாதீர்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

நாங்கள் கனடாவுக்குள்ளிருந்து போடும் வகையில் போட்டோம். அது மறுக்கப்பட்டால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது, ஃபெடரல் கோர்ட்தான் வழி. வெளியிலிருந்து போடும் வகையில் மேல்முறையீட்டு உரிமை உண்டு. 2023 மே மாதம் வந்த மாற்றத்தின்படி, அந்த வகையில் போட்டவர்களும் கணவரோடு இங்கேயே வசித்தால் ஓபன் பெர்மிட் கேட்க வழி பிறந்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்று அனுப்புவதற்கு முன்பே யோசியுங்கள்.

செப்டம்பரில் ஏஓஆர் வந்தது. அன்றிரவே 255 டாலர் கட்டி ஒர்க் பெர்மிட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். பழைய பெர்மிட் முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு வேலையைத் தொடரலாம். இதைத்தான் மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ் என்கிறார்கள். என்னுடையது ஓபன் பெர்மிட் என்பதால் எந்த முதலாளியிடமும் வேலை செய்ய முடிந்தது. ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட பெர்மிட் வைத்திருந்தவர்கள் அதே இடத்தில் அதே வேலையைத்தான் தொடர வேண்டும்.

சட்டம் இப்படி இருந்தாலும் அலுவலகத்துக்கு அது தெரிய வேண்டுமே. பெர்மிட் தேதி முடிந்த வாரமே எச்ஆரிடமிருந்து மெயில்: புது பெர்மிட் காட்டாவிட்டால் ஷிஃப்ட் கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து பதில் எழுதினேன். பணம் கட்டிய ரசீது, விண்ணப்பித்த தேதி தெரியும் பக்கம், முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்று ஐஆர்சிசி கணக்கில் வந்திருந்த கடிதம், குடிவரவு ஒழுங்குவிதிகளின் 186(யு) பிரிவு, எல்லாவற்றையும் இணைத்தேன். அவர்கள் வக்கீலிடம் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஐஆர்சிசியின் அந்தக் கடிதத்தில் ஒரு தேதி போட்டிருக்கும். அது கடந்துவிட்டாலும் முடிவு வராதவரை உரிமை போகாது. இதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள்.

எனக்கு மிகவும் கனத்தது வேறு ஒன்று. அந்தக் குளிர்காலத்தில் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. இந்த நிலையில் கனடாவை விட்டுப் போனால், திரும்ப உள்ளே விட்டாலும் புது பெர்மிட் வரும்வரை வேலை செய்ய முடியாது. என் சம்பளத்தில்தான் அந்த ஆஸ்பத்திரிச் செலவே ஓடியது. தங்கை ஃபோனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் அப்பாவைப் பார்த்தேன். முன்பெல்லாம் நயாகராவில் ரெயின்போ பாலம்வரை போய்த் திரும்பி, எல்லையிலேயே பெர்மிட் வாங்கி வருவார்கள். 2024 டிசம்பர் 23-ஆம் தேதியோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

புது பெர்மிட் 2025 தொடக்கத்தில் வந்தது. வந்த கையோடு சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகத்துக்குப் போய், 9-இல் தொடங்கும் என் சின் எண்ணின் (வேலைக்கும் வரிக்கும் தேவையான சமூகக் காப்பீட்டு எண்) காலாவதித் தேதியை மாற்றிக்கொண்டேன். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிஆர் உறுதியானதும் வேறு எண்ணே தருவார்கள், அதைச் சம்பளப் பிரிவுக்கும் வங்கிக்கும் கொடுக்க வேண்டும்.

தேதி ஏற்கெனவே கடந்துவிட்டதா? ஸ்டேட்டஸ் இழந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அதை மீட்க விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் வேலைக்குப் போகாதீர்கள், கையில் காசாகத் தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் சரி. 90 நாளும் தாண்டியவர்களுக்கு, ஸ்டேட்டஸ் இல்லாத துணைவர்களுக்கென்று 2005-இல் வந்த பொதுக் கொள்கை இருக்கிறது. அதன் கீழ் உள்ளிருந்தே ஸ்பான்சர் விண்ணப்பம் போட இடமுண்டு. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காமல், உரிமம் பெற்ற ஆலோசகரையோ வக்கீலையோ இந்த வாரமே போய்ப் பாருங்கள். கணவரையும் கூடவே அழைத்துப் போங்கள், ஸ்பான்சர் அவர்தான்.