ஆர்எக்ஸ் பைட் கணக்கு ஒருவழியா 60,000

32 பிட் ஆர்ம் போர்டில நெட்வொர்க் சிப்பை ஓட்ட லினக்ஸ் கர்னலுக்கு எழுதிற கிகாபிட் டிரைவரில பாக்கெட் எண்ணிக்கை முதலே சரி. பைட் கணக்குத்தான் முரண்டு பிடிச்சது. ஆர்எக்ஸ், அதாவது வாங்கிற பக்கம், இப்ப வழிக்கு வந்திட்டுது.

சோதனை: ‘பிங் -எஸ் 18’, 1000 தரம். தரவு 18 பைட், ஹெடர்கள் ஐசிஎம்பி 8, ஐபி 20, ஈதர்நெட் 14, மொத்தம் 60. பேடிங் (நீளம் காணாட்டி நிரப்பிற வெறும் பைட்) தேவைப்படாத ஆகச் சின்ன ஃபிரேம் இதுதான். ஐபிவி6ஐ நிப்பாட்டி, ஏஆர்பியை (எந்த ஐபிக்கு எந்த ஈதர்நெட் முகவரி எண்டதை) நிரந்தரமாப் பதிஞ்சிட்டு ஓடவேணும், இல்லாட்டி அதுகளும் கணக்கில புகுந்திடும். வரவேண்டியது 60,000. காட்டினது 50,000.

பாக்கெட்டுக்குப் பத்துப் பைட் குறைஞ்சால் பிழை ஒண்டில்லை, ரெண்டு. எத்_டைப்_டிரான்ஸ் எண்ட கர்னல் ஃபங்ஷன் 14 பைட் ஈதர்நெட் ஹெடரை இழுத்து விட்டிடும். அதுக்குப் பிறகு எஸ்கேபி லென்னை (கர்னல் பாக்கெட்டை வைச்சிருக்கிற எஸ்கேபியில உள்ள நீளத்தை) கூட்டினால் 14 போச்சு. மற்றது, இந்தச் சிப் டிஸ்கிரிப்டரில (பாக்கெட்டைப் பற்றி டிரைவருக்குத் தாற குறிப்பில) தாற நீளத்தில எஃப்சிஎஸ் (ஃபிரேம் கடைசியில வாற பிழை சரிபார்ப்பு) 4 பைட்டும் சேர்த்தி. கர்னல் ஆவணப்படி ஆர்எக்ஸ்_பைட்ஸில அது வரக்கூடாது. 14 போய் 4 ஏறினால் 10 குறைவு. பிங்குக்குப் பதில் ஒழுங்கா வரும், ஆருக்கும் சந்தேகமே வராது. ஏனெண்டால் ஐபி அடுக்கு தன்ர ஹெடரில உள்ள நீளத்துக்கு மிஞ்சினதை வெட்டிடும். 4ஐக் கழிச்ச நீளத்தை எத்_டைப்_டிரான்ஸுக்கு முன்னமே ஒரு வேரியபிளில எடுத்து வைச்சால் 60,000 டாண் எண்டு நிக்குது.

இந்தப் போர்டில அன்சைன்ட் லாங் 32 பிட். கிகாபிட் முழு வேகத்தில 34 செக்கனில சுத்தி பூச்சியத்துக்கு வந்திடும். யு64, அதாவது 64 பிட் எண், போட்டாலும் ரெண்டு பாதியாத்தான் வாசிக்கும், நடுவில இன்னொரு சிபியூ கூட்டினால் குப்பை. அதுக்குத்தான் யு64_ஸ்டாட்ஸ்_சிங்க்: எழுதேக்க ஒரு சீக்வென்ஸ் எண்ணை ஏத்தும், வாசிக்கேக்க அது மாறினால் திரும்ப வாசிக்கும். ஒரே சிங்கை ஆர்எக்ஸும் டிஎக்ஸும் (அனுப்பிற பக்கம்) ஒண்டா எழுத விடவேண்டாம்: சீக்வென்ஸ் குழம்பினால் வாசிக்கிற பக்கம் சுத்திச் சுத்தி அங்கேயே நிண்டிடும். 64 பிட்டை ஒரே மூச்சில வாசிக்கிற 64 பிட் லாப்டொப்பில இதைச் சோதிச்சு ஒண்டும் பிடிபடாது.

டிஎக்ஸ் இன்னும் பாதி. டோர்பெல் அடிக்க (சிப்பிட்ட அனுப்பு எண்டு சொல்ல) முன்னம் நீளத்தை எடுக்கவேணும். பிறகெண்டால் கம்ப்ளீஷன் (அனுப்பி முடிஞ்ச பிறகு ஓடுற பகுதி) எஸ்கேபியை விடுவிச்சிருக்கும். டிஎஸ்ஓதான் (பெரிய எஸ்கேபியைச் சிப்பே துண்டு போட்டு, ஒவ்வொண்டுக்கும் ஹெடர் வைச்சு அனுப்பிறது) மிச்சம்: 1448 பைட்டில 10 துண்டு, 66 பைட் ஹெடர் எண்டால் எஸ்கேபி லென் 14,546; கம்பியில போறதோ 15,140. மிச்ச 9 ஹெடரையும் கூட்டி, பாக்கெட்டை 10 எண்டு எண்ணவேணும்.

கேபிள் வாங்கேக்க ஒண்டு: மலிவுக் கேட் 6இல செம்பு பூசின அலுமினியமும் வருது. சிஆர்சி பிழை (எஃப்சிஎஸ் ஒத்துவராத சிதைஞ்ச ஃபிரேம்) ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஒப்பிட்டுப் பாக்க ஐஜிபி டிரைவர் ஓடுற பழைய இன்டெல் கார்ட் ஒண்டு தேவை; பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ஒருக்கா தேடவேணும். அதுக்கிடையில எக்ஸ்டிபி (எஸ்கேபி ஆக முன்னமே பாக்கெட்டைக் கையாளிற வழி) டிராப்பை எந்தக் கவுண்டரில போடுறது எண்டு மண்டை ஓடத் தொடங்கிட்டுது.