கிட்ஸ் மெனுவில் வயது வரம்பு: கணக்கும் நடைமுறையும்

ஓட்டல்களில் குழந்தைகளுக்கென்று சின்ன அளவில், குறைந்த விலையில் தரும் கிட்ஸ் மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "12 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும்." சில இடங்களில் 10, சில இடங்களில் 8. சண்டை வருவதெல்லாம் இந்த ஒரு வரியில்தான். பசி குறைந்த பெரியவர் ஒருவர் "எனக்கு அந்தச் சின்னத் தட்டே போதும்" என்கிறார், சர்வர் முடியாது என்கிறார். காசு கொடுத்துத்தானே கேட்கிறேன், குறைவாகத்தானே சாப்பிடப் போகிறேன், இதில் கடைக்கு என்ன நட்டம் என்று அவருக்குக் கோபம். நட்டம் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு முழுத் தட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். சாமானுக்கு 30, சமையல்காரர் முதல் பாத்திரம் கழுவுபவர் வரை சம்பளத்துக்கு 30, வாடகை, மின்சாரம், கேஸ் வகையறாவுக்கு 30. கையில் நிற்பது 10. (இது நன்றாக ஓடும் கடையின் கணக்கு.) இப்போது அளவைப் பாதியாக்குங்கள். சாமான் செலவு 15 ஆகிவிடும். மற்றது எதுவும் குறையாது. அடுப்பு ஏறக்குறைய அதே நேரம் எரிகிறது, சர்வர் அதே தூரம் நடக்கிறார், தட்டைக் கழுவ அதே தண்ணீர், நாற்காலியும் அதே நேரம் பிடிபடுகிறது. ஆக 15, 30, 30, மொத்தம் 75. கிட்ஸ் மெனுவில் விலை 50 என்றால் ஒவ்வொரு தட்டிலும் 25 பங்கு கையை விட்டுப் போகிறது.

தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். குழந்தை தனியாக வருவதில்லை. கூட வரும் இரண்டு பெரியவர்களின் முழுத் தட்டில் 20 பங்கு நிற்கும், அவர்கள் வாங்கும் பானத்திலும் இனிப்பிலும் மீதி கிடைத்துவிடும். எந்தக் கடைக்குப் போவது என்பதைப் பல வீடுகளில் குழந்தைதான் முடிவு செய்கிறது. அதனால் அந்தத் தட்டு, குடும்பத்தையே உள்ளே அழைத்து வருவதற்கான செலவு. அதே தட்டைத் தனியாக வந்த பெரியவர் வாங்கினால் ஈடுகட்ட வேறு எதுவும் அந்த டேபிளில் இல்லை. வயது வரம்பு காப்பாற்றுவது இதைத்தான். வயிற்றின் அளவுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கிட்ஸ் மெனு பிறந்ததே வியாபாரத் தேவையில்தான். அமெரிக்காவில் 1920-இல் மதுவிலக்கு வந்து ஓட்டல்களின் பார் வருமானம் நின்றபோதுதான், அதுவரை பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத குழந்தைகளின் பக்கம் அவை திரும்பின. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா 1921-இல் குழந்தைகளுக்கென்று தனி மெனு போட்டது.

வயதை வைத்துப் பசியை அளக்க முடியாது என்பதற்கு எண்களே சாட்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,360 கிலோகலோரி வேண்டும். 10 முதல் 12 வயதுப் பையனுக்கு 2,220. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1,660 போதும். அதாவது, வரம்புக்குள் இருக்கும் பையனுக்கு அவன் அம்மாவைவிட அதிகம் தேவைப்படலாம். 5 வயதுக் குழந்தைக்காக அளந்து வைத்த தட்டை 12 வயதுப் பையன் முன்னால் வைத்தால் ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு அப்பா தட்டில் கை வைப்பான். "அளவு ரொம்பக் குறைச்சல்" என்று வரும் புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. ஒரே அளவுத் தட்டு மட்டும் வைத்திருக்கும் கடை, வரம்பை 8 அல்லது 9 வயதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 12 வரை கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சிறியது, பெரியது என்று இரண்டு அளவு வையுங்கள். பெரியதன் அளவை முழுத் தட்டில் முக்கால் பங்காகவாவது வைக்க வேண்டும்.

அடுத்து, அந்த வரியை எழுதும் விதம். "12 வயதுக்குட்பட்டவர்" என்றால் 12 முடிந்து ஆறு மாதமான பிள்ளை உள்ளேயா, வெளியேயா? பெற்றோர் ஒரு மாதிரி படிப்பார்கள், கேஷியர் ஒரு மாதிரி படிப்பார். விமான நிறுவனங்கள் இதைத் தெளிவாக வைத்திருக்கின்றன: 2 வயது நிறைந்து, 12 வயது நிறையாதவர்தான் குழந்தை. "12-ஆவது பிறந்தநாள் வரை" என்று எழுதினால் வாதத்துக்கே இடமில்லை. அதே வரியை மெனு அட்டை, வாசல் பலகை, இணையதளம், பில்லிங் கணினி நான்கிலும் ஒரே மாதிரி போடுங்கள். அட்டையில் 10, இணையதளத்தில் 12 என்று இருந்தால் பெரிய எண்ணை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

பஃபே வேறு கதை. அங்கே தட்டின் அளவு கடையின் கையில் இல்லை. வயதைச் சரிபார்க்க முடியாமல் சிலர் வாசலில் உயரக் கோடு போடுகிறார்கள். பார்க்கச் சுலபம், நியாயம் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 10 வயதுப் பையனின் நடு உயரம் சுமார் 138 செ.மீ. ஆனால் 125-லிருந்து 150 செ.மீ. வரை எல்லாமே இயல்பான வளர்ச்சிக்குள் வரும். 140-இல் கோடு போட்டால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். சீன ரயில்வே பல வருடம் உயரத்தை வைத்துக் குழந்தை டிக்கெட் கொடுத்துவிட்டு 2023-இல் வயதுக்கு மாறியது. பஃபேயிலும் வயதுதான் சரி. ஒரே கோடாக வைக்காமல் படிப்படியாக வையுங்கள்: 5 வயது நிறையும் வரை இலவசம், 9 வரை பாதி, 12 வரை முக்கால். அடுத்த படிக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும்போது வயதைக் குறைத்துச் சொல்லும் ஆசையும் குறையும்.

சர்வருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குழந்தையிடம் வயதைக் கேட்கவே கூடாது. அம்மா "பத்து" என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை "இல்லம்மா, எனக்குப் பதிமூணு" என்று பெருமையாகச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அந்த டேபிளில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. பெற்றோர் சொன்ன வயதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், அடையாள அட்டை கேட்காதீர்கள். ஒரு தட்டில் போகும் 25 பங்குக்காக ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருகையை இழப்பது கணக்குக்கே ஒத்துவராது. வரம்பைச் சொல்ல வேண்டியிருந்தால் மெனு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஆர்டர் எடுத்து, கே.ஓ.டி. (சமையலறைக்கான ஆர்டர் சீட்டு) கிச்சனுக்குப் போன பிறகு திரும்பி வந்து "சார், இது குழந்தைகளுக்கு மட்டும்" என்பது மன்னிக்க முடியாத தவறு. பில்லில் விலையை மாற்றிப் போடுவது அதைவிட மோசம்.

விதிவிலக்குகளைச் சர்வரின் மனநிலைக்கு விட்டுவிடாமல் எழுதி வையுங்கள். இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இரைப்பையாக விடப்படும் பை ஆரம்பத்தில் சுமார் 30 மி.லி.தான் கொள்ளும். அவருக்கு முழுத் தட்டு என்பது கண்ணெதிரே வீணாகும் சாப்பாடு. இப்படிப்பட்டவர்கள் சிலர், குறைந்த அளவு உணவு தரும்படி கேட்டு மருத்துவர் கொடுத்த சிறு அட்டையைக் கையில் வைத்திருப்பார்கள். காட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள், மேலே ஒரு கேள்வியும் வேண்டாம். பசி மங்கிய முதியவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், பழக்கமான ஓரிரு வகை உணவு மட்டுமே இறங்கும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஆகியோருக்கும் இதே வழிதான். அட்டை இல்லையென்றாலும் வாய்ச்சொல் போதும். பில்லிங் கணினியில் இதற்கென்று ஒரு தனிப் பட்டன் வைத்துவிட்டால் சர்வர் மேனேஜரைத் தேடி ஓட வேண்டாம், வாடிக்கையாளரும் தன் உடம்புக் கதையை இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டாம்.

மற்ற பெரியவர்களுக்கு உண்மையான தீர்வு, முக்கிய மெனுவிலேயே அரை அளவு வைப்பது. விலையைப் பாதியாகப் போடாதீர்கள். மேலே போட்ட கணக்கில் 75-இல்தான் கை கடிக்காமல் நிற்கும், ஆகவே 75 முதல் 80 வரை வைக்கலாம். "அளவு பாதி, விலை முக்கால்" என்று மெனுவிலேயே வெளிப்படையாக எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். எல்லா உணவுக்கும் இது சரிவராது. முழுசாகவே சமைத்து இறக்க வேண்டியதைப் பாதியாக்கினால் மீதிப் பாதி கிச்சனில் தங்கிவிடும். கரண்டியால் அளந்து வைக்கக்கூடியவற்றோடு தொடங்குங்கள். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உணவுச் சேவைத் துறையில் மட்டும் சுமார் 29 கோடி டன் உணவு வீணானது. தட்டில் மீந்ததும் அதில் சேர்த்திதான்.

பார்சலிலும் டெலிவரி ஆப்பிலும் வயது வரம்புக்கு அர்த்தமே இல்லை, யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வழியில்லை. டப்பா செலவும் ஆப்பின் கமிஷனும் சேர்ந்தால் நட்டம் இன்னும் கூடும். ஒரு முழு ஆர்டருக்கு ஒரு கிட்ஸ் தட்டு என்று கட்டுப்பாடு வையுங்கள், இல்லையென்றால் ஆப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு அரை அளவை மட்டும் காட்டுங்கள்.

சாப்பிடப் போகிறவர்களுக்கு: உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள், கூட்டம் இல்லாத நேரமானால் இன்னும் நல்லது. "கிட்ஸ் மெனுவிலிருந்து தருவீர்களா" என்று கேட்டால் சர்வருக்கு உடனே விதிதான் ஞாபகம் வரும். "எனக்குக் குறைவான அளவு போதும், என்ன செய்ய முடியும், கூடுதலாகக் கொடுக்கவும் தயார்" என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் முடியாது என்றால் முழுத் தட்டையே வாங்கி, பரிமாறும் முன்பே பாதியைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள். எச்சில் படாத உணவு என்பதால் வீட்டில் மற்றவர்களும் சாப்பிடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.