விமானம் வருது, ஆள் வேணும்

இந்தியாவில் 2014ல் செயல்பாட்டில் இருந்தவை 74 விமான நிலையங்கள்தான். பத்தே வருடத்தில் 150ஐத் தாண்டிவிட்டது. 2023ல் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. லீவுக்குப் போய் வருகிறவர்கள் திருச்சி புது டெர்மினலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆனால் சிங்கப்பூர் சிலேத்தாரில், விமானம் பராமரிக்கும் ஹேங்கரில் வேலை பார்க்கிற எனக்கு வேறொரு கவலை. இன்ஜினைப் பிரிக்காமலே, பென்சில் தடிமன் கேமராவை உள்ளே விட்டு, ஒவ்வொரு பிளேடாகத் திருப்பிப் பார்ப்போம். மயிரிழை விரிசல்கூடத் தப்பக்கூடாது. பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பரீட்சைகளோடு பல வருட அனுபவமும் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் ஆர்டர் போட்டு வருகிறவர்கள் இல்லையே!

இந்திய விமானங்களின் பெரிய இன்ஜின் வேலைகள் பெரும்பாலும் இன்னமும் வெளிநாட்டில்தான் நடக்கின்றன. நம் பிழைப்பும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் அந்த வேலை ஊரிலேயே நடக்க வேண்டும் என்றுதான் மனசு கேட்கிறது. இறக்குமதியாகும் விமான உதிரிபாகங்களுக்கான ஐஜிஎஸ்டி வரி 2024 ஜூலையில் ஒரே சீராக 5 விழுக்காடு ஆனது நல்ல தொடக்கம்.

ஊரில் பிளஸ் டூ முடித்த தம்பி, தங்கைகளே, விமானப் பராமரிப்புப் படிப்பில் சேருமுன் அந்தக் கல்லூரிக்கு இந்திய விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், கண்டிப்பாகப் பதில் போடுகிறேன்.