ராகுவுக்கு எந்த இடம்?

கிரகணத்தைச் சுவரோவியமாக வரையச் சொன்னால் பலரும் சுவரை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்: இந்தப் பக்கம் நிலவை விழுங்கும் பாம்பு, அந்தப் பக்கம் தொலைநோக்கி. மதமும் அறிவியலும் அப்படித் தள்ளித்தள்ளி நிற்பதில்லை. நிலவின் பாதை, சூரியன் போவதாகத் தெரியும் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளே ராகுவும் கேதுவும். அந்தப் புள்ளிகள் ஒரு சுற்றுப் பின்னோக்கி வர 18.6 ஆண்டு, ராசிக்கு ஒன்றரை வருடம் என்று பெயர்ச்சி பார்ப்பதும் இதே கணக்குதான். கணக்கில் சண்டை இல்லை. அந்தப் புள்ளியில் ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் சண்டை. ஓவியம் அங்கேதான் நிற்க வேண்டும்.

இதற்கு நீளமான காம்பவுண்டு சுவர் வசதி. நிலவை 2 செ.மீ. என்று வைத்தால் வான்வட்டம் 13.9 மீட்டர் பட்டையாக விரியும். ராசிக்கு 116 செ.மீ. கண் உயரத்தில் நூல் அடித்து நேர்கோடு போடுங்கள். அது சூரியன் பாதை. ராகுவில் தொடங்கி ராசிக்கு ராசி 0, 10, 17, 20, 17, 10, 0 செ.மீ. மேலே புள்ளி வைத்தால் கேது வந்துவிடும். அங்கிருந்து அதே அளவுகள் கீழே. வளையும் பிவிசி பட்டையை வைத்து இணைத்தால் நிலவின் பாதை. சூரியனும் இதில் 2 செ.மீ.தான். பூமியின் நிழல் 5 செ.மீ. சொச்சம், அது நேர்கோட்டின் மேலேயே விழும்; நிலவோ 20 செ.மீ. வரை விலகிப்போகும். பௌர்ணமிதோறும் ஏன் கிரகணம் இல்லை என்பது சுவரிலேயே தெரியும்.

நவக்கிரக மேடையில் வழக்கமாக ராகு தென்மேற்கு, கேது வடமேற்கு. இங்கே இருவரும் நேரெதிர், ஏழு மீட்டர் இடைவெளியில். கோயிலுக்குப் போகிறவர் கண்ணுக்கு இது உறுத்தும்; உறுத்தட்டும். உருவத்தை மட்டும் கோயில் வழக்கப்படி, வண்ணம் நிரப்பாமல் கோட்டோவியமாக வரையுங்கள். இரு பாதைகளும் அந்த உடலுக்குள் வெட்டிக்கொள்வது தெரிய வேண்டும்.

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் சுவர் உப்புப் பூக்கும். முதலில் கம்பி பிரஷால் உலர்வாகத் தேய்த்து உப்பைக் கூட்டி அள்ளுங்கள். தேய்க்காமல் எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். அதன்மேல் பட்டி பூசினால் ஓரிரு மழையில் உப்பிக்கொண்டு வரும். கழுவி, நன்றாகக் காய்ந்தபின் வெளிச்சுவர் பிரைமர், அப்புறம் எமல்ஷன். கிரகண நிலவுக்குப் பளிச்சென்ற சிவப்பு வேண்டாம், வெயிலில் வெளிறிவிடும். ரெட் ஆக்ஸைடில் துளி கறுப்பு போதும், நிறமும் சரியாக வரும்.

ராகுவுக்கு யாராவது குங்குமம் வைப்பார்கள், எண்ணெய் பூசுவார்கள். அந்த இடத்துக்கு மட்டும் மேட் வார்னிஷ் இரண்டு கோட்டு கூடுதலாகக் கொடுங்கள். வைத்த குங்குமத்தைத் துடைக்க வேண்டாம்.